மூன்று சின்னங்களும் ஒரு மனிதரும்

தேர்தல் வந்துவிட்டால் சென்னையில் இருக்கும் என் நண்பர்களுக்குக் கணக்குப் போடுவது மிகச் சுலபமாகிவிடுகிறது. "கடலூர் ஜில்லாவா? வன்னியரை நிறுத்தினால் வன்னியர் போடுவார்கள். இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று காப்பி ஆறுவதற்குள் விஷயத்தை முடித்துவிடுவார்கள்.

பண்ருட்டிப் பக்கம் பெரிய கட்சிகள் எல்லாமே பெரும்பாலும் வன்னியரைத்தான் நிறுத்துகின்றன. இரண்டு தட்டிலும் ஒரே எடைக்கல்லை வைத்த பிறகும் தராசு ஒரு பக்கம் சாய்கிறதே, அது ஏன்? அதற்கல்லவா காரணம் சொல்ல வேண்டும்!

பண்ருட்டி ராமச்சந்திரனையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சார வாரியத்தில் எஞ்ஜினீயராக இருந்து அரசியலுக்கு வந்தவர். 1967-லும் 1971-லும் பண்ருட்டி அவரை உதயசூரியனில் தேர்ந்தெடுத்தது. அவர் கட்சி மாறினார். 1977, 1980, 1984 மூன்று முறையும் அதே ஜனங்கள் இரட்டை இலையில் தேர்ந்தெடுத்தார்கள். 1991-ல் பாட்டாளி மக்கள் கட்சியின் யானைச் சின்னத்தில் நின்றார். ராஜீவ் காந்தி கொலையுண்ட துக்கத்தில் எழுந்த அலையில் தி.மு.க.வுக்கே இரண்டு இடங்கள்தாம் மிஞ்சின. பா.ம.க.வுக்குத் தமிழ்நாடு முழுவதிலும் கிடைத்தது ஒரே இடம், அது பண்ருட்டி. மனிதர் நிஜ யானை மேலேறியே சட்டசபைக்குப் போனார்! அலையையும் சின்னத்தையும் தாண்டி ஜனங்கள் ஆளைப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

'நம்மவருக்குப் போடுவது' என்ற வழக்கத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1952 தேர்தலில் எஸ்.எஸ். ராமசாமி படையாச்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 சட்டசபை இடங்களைப் பிடித்தது. 375 பேர் கொண்ட சென்னைச் சட்டசபையில் காங்கிரசுக்கு 152 பேர்தாம். ஆகவே அந்தப் பத்தொன்பதுக்கு ஒரு மவுசு வந்தது. 1954-ல் காமராஜ் மந்திரி சபையில் படையாச்சியார் மந்திரியானார். ஓட்டை ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் கோட்டையில் கதவு திறக்கும் என்பதைக் குடியானவன் கண்ணால் பார்த்துவிட்டான். பிறகு 1987 செப்டம்பரில் ஒரு வாரம் சாலை மறியல். 21 உயிர்கள் போயின. 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு வந்தது. இதையெல்லாம் பார்த்த ஒரு தகப்பன் தன் பிள்ளையின் படிப்பை நினைத்து ஓட்டுப் போட்டால், அதை ஜாதி வெறி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பண்ருட்டிப் பலாப்பழ மண்டி ஒன்றில் பெரியவர் ஒருவரிடம், "உங்க ஆளுக்குத்தானே போடுவீங்க?" என்று கேட்டேன்.

"நம்ம ஆளுதாங்கய்யா. ஆனா தாலுகா ஆபீசுல அவரு சொல்லு எடுபடணுமில்ல? சொந்தக்காரன் தோப்புப் பழம்னு தட்டிப் பாக்காம வாங்கிடறதா?" என்றார் அவர், கையிலிருந்த பழத்தைத் தட்டிக்கொண்டே.

தட்டிப் பார்த்துச் சொந்தக்காரன் பழத்தை ஒதுக்கியதும் உண்டு. 2006-ல் விருத்தாசலத்தில், அதுவரை பா.ம.க. வைத்திருந்த தொகுதியில், மதுரைப் பக்கத்துக்காரரும் வன்னியர் அல்லாதவருமான விஜயகாந்த் ஜெயித்தார். அவருடைய புதுக் கட்சிக்கு அந்த ஓர் இடந்தான் கிடைத்தது.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை நடந்தது. அங்கே ஒரு கட்சியின் அபேட்சகர் யார் என்பதைக் கட்சி ஜனங்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். 2020-ல் ஜனநாயகக் கட்சியில் ஜூலியன் காஸ்ட்ரோ என்ற மெக்சிகோ வம்சாவளிக்காரர் போட்டியிட்டார். லத்தீன் அமெரிக்க வம்சத்தார் அவர் பின்னால் திரளுவார்கள் என்று பார்த்தால், முதல் ஓட்டு விழுமுன்பே, ஜனவரியில், அவர் விலகிக்கொள்ள நேர்ந்தது. பிப்ரவரியில் நெவாடா மாநிலத்தில் அவர்கள் பெருவாரியாக ஆதரித்தது பெர்னி சாண்டர்ஸ் என்ற 78 வயது வெள்ளைக்காரரை. அவர் வைத்தியச் செலவையும் கூலியையும் பற்றிப் பேசினார். அவர்கள் பாஷையிலேயே பேச ஆட்களை வீடு வீடாக அனுப்பினார். (நமக்கு அந்த முன்தேர்தல் பாக்கியம் இல்லை. பட்டியல் சென்னையிலிருந்து வருகிறது. கட்சிக்குள் செய்ய வேண்டிய தேர்வையும் நம் வாக்காளர் அந்த ஒரே நாளில் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.)

அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்க வேலைக்காக வளையமாதேவியில் பயிர் நின்ற வயலிலேயே மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. பா.ம.க. நெய்வேலியில் பெரிய போராட்டம் நடத்தியது. மறு வருஷம் பார்லிமெண்டுத் தேர்தலில் அந்தக் கட்சி கடலூரில் நிறுத்தியவர் தங்கர் பச்சான். பண்ருட்டிக்குப் பக்கத்தில் பத்திரக்கோட்டைக்காரர். 'ஒன்பது ரூபாய் நோட்டு' நாவலில் இந்த மண்ணையே எழுதியவர். உறவும் ஊரும் போராட்டமும் எல்லாம் பொருந்திய அபேட்சகர். ஜனங்கள் அவரை மூன்றாம் இடத்தில் வைத்தார்கள்! ஜெயித்தவர் காங்கிரசின் விஷ்ணு பிரசாத், அப்போது பா.ம.க. தலைவராக இருந்த அன்புமணியின் மைத்துனர். அங்கேயும் ஜாதி ஒன்றேதான். குடும்பங்கூட ஏறக்குறைய ஒன்றேதான்.

சுரங்கமோ மத்திய சர்க்காரின் கம்பெனி. அந்தச் சர்க்காரை நடத்தும் பா.ஜ.க.வோடு கூட்டுச் சேர்ந்து நிற்பவர், நாளைக்கு அதே சர்க்காரிடம் நம் வயலுக்காக எப்படி மல்லுக்கு நிற்பார் என்று பலர் யோசித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஓர் எழுத்தாளர் தோற்றதில் எனக்கு வருத்தம்தான். ஆனால், அடுத்த போகம் தன் நிலத்தில் விளையுமா என்று தெரியாமல் நிற்கிறவனிடம் போய், நல்ல நாவல் எழுதியவருக்குப் போட்டிருக்கலாமே என்று நான் எந்த முகத்தோடு கேட்பது?