பதினைந்து நிமிடப் பொத்தான்

என் சட்டையில் வாடை அடிக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது நானில்லை. ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரன் ஏசியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "எங்கயோ ஈரத்துணி நாத்தம் வருதுல்ல?" என்று கேட்டான். நானும் அவனோடு சேர்ந்து மூக்கை உறிஞ்சித் தேடினேன். மதியம் லிஃப்டில் தனியாக நின்றபோதுதான் தெரிந்தது. அது என்னோடு ஏறியிருந்தது.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கத்தினேன். இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், விரித்தால் வெட்கமாக இருக்கும். மெஷின் வாங்கி ஐந்து வருஷமாகியும் ஒழுங்காகப் போடத் தெரியாதா என்கிற தொனியில் ஏதேதோ பேசினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் என் ஐந்து சட்டைகளும் பால்கனிக் கொடியில் தொங்கின. ராத்திரியே பாத்ரூமில் உட்கார்ந்து கையால் துவைத்திருக்கிறாள். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. அந்த மெஷினை வாங்கியதே அவள் கைக்காகத்தான்.

அம்மாவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். தாமிரபரணிப் படித்துறையில் துவைத்துப் பழகியவள். அங்கே சோப்பைத் துணியில் ரெண்டு இழுப்பு இழுத்தாலே நுரை பொங்கும். நாங்கள் குடிவந்த மேடவாக்கம் வீட்டில் போர் தண்ணீர். "இங்கத்த தண்ணி சோப்பத் திங்குல" என்பாள். அது உண்மைதான். கடினநீரிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, நுரைக்குப் பதிலாக வெள்ளைப் பிசுக்கைத்தான் தரும். நுரை வரவில்லையென்று இன்னும் ஒரு பிடி தூள் போடுவாள். விரலிடுக்குகளில் தோல் வெடித்து, ரசச்சோறு பிசையும்போது முகத்தைச் சுளிப்பாள். தோல் டாக்டர், கையில் சோப்புத்தூளே படக்கூடாது என்றார். அடுத்த மாதச் சம்பளத்தில் ஒரு முன்கதவு மெஷினைத் தவணையில் எடுத்தேன்.

ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் ராஸ்லிங் 2010-ல் வாஷிங் மெஷினைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அவருடைய சின்ன வயதில் வீட்டுக்கு முதல் மெஷின் வந்தபோது, பாட்டி அதன் முன்னால் உட்கார்ந்து முழுச் சலவையையும் வேடிக்கை பார்த்தாராம். துவைக்கிற நேரம் மிச்சமானதில் அவர் அம்மா நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுத்துவந்தாராம். அந்த உரையை வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்துக் கண்கலங்கியவன் நான். எங்கள் வீட்டிலும் முதல் நாள் அம்மா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தாள். எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. குமிழைச் சுற்றிப் பதினாலு புரோகிராம், எல்லாம் இங்கிலீஷில். அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், அவ்வளவுதான். "யம்மா, குமிழ இதுவரைக்கும் திருப்பு, இந்தப் பொத்தான அமுக்கு. பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும். ரெண்டு கப் தூள் போடு. துணிய எடுத்ததும் கதவ மூடிரு, இல்லன்னா நடக்க எடமிருக்காது" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஐந்து வருஷமும் அம்மா அதையேதான் செய்தாள். போர்வை, துண்டு, என் ஜீன்ஸ் எல்லாமே பதினைந்து நிமிடம், பச்சைத்தண்ணீர், ரெண்டு கப்.

சனிக்கிழமை மெக்கானிக் வந்தார். மெஷினின் கீழ்மூலையில் ஒரு சின்ன மூடி உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். தட்டு ஒன்றை வைத்துவிட்டு ஃபில்டரைத் திருகி எடுத்தார். கறுப்புத் தண்ணீர் வந்தது. பிறகு ரெண்டு அஞ்சு ரூபாய்க் காசு, ஓர் ஊக்கு, என் சட்டைப் பொத்தான் ஒன்று, நூலும் முடியும் சேர்ந்த ஓர் உருண்டை. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பரின் மடிப்பைப் பிரித்துக் காட்டினார். கிரீஸ் மாதிரி கறுப்பாக வழுவழுப்பு. லிஃப்டில் என்னோடு ஏறிய வாடை அங்கேதான் குடியிருந்தது.

"எந்த புரோகிராம் போடுறீங்க?"

அம்மா முன்னால் வந்து குமிழைச் சரியாகத் திருப்பிக் காட்டினாள். பரீட்சைக்குப் படித்த பிள்ளை மாதிரி.

அவர் அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். "சார், இது அவசரத்துக்கு நாலு துணி அலசறதுக்கு. இதுல பவுடரே சரியா கரையாது. கரையாத பவுடர், உடம்பு எண்ணெய் எல்லாம் டிரம்முக்கு வெளிய இருக்குற டப்புல போய் ஒட்டிக்கும். அது நம்ம கண்ணுக்குத் தெரியாது. கதவ வேற மூடி வெச்சா உள்ள காயவே காயாது. யாரு சொன்னாங்க ரெண்டு கப்பு?"

நான் ஃபில்டரைக் கழுவ எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்விட்டேன்.

போகும்போது அவர் வைத்தியம் சொன்னார். கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் நூறு கிராம். காலி டிரம்மில் போட்டு, அறுபது டிகிரியில் நீளமான புரோகிராமாக ஓட்ட வேண்டும். உப்புத்தண்ணீர் படிமானம் கரைந்துவிடும். "பிளீச்சிங் பவுடரயும் சேத்துப் போட்டுறாதீங்க, கேஸ் வந்து மூச்சு முட்டும்" என்று ரெண்டு தடவை சொன்னார். பின்பக்கம் தண்ணீர் வரும் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது, குழாயை அடைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அதைக் கழற்ற வேண்டும். எங்கள் வீட்டுச் சல்லடையில் மண் அரைச் சிட்டிகைக்கு மேலேயே இருந்தது. இனி அரைக் கப் தூள், அதுவும் மெஷினுக்கென்று விற்கும் நுரை குறைந்த தூள்.

ரப்பரைத் துடைக்கும் வேலை எனக்கு. அம்மா கையில் சோப்பு படக்கூடாதே. முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். இருபத்தொன்பது வயதில் நான் அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

"மேலாப்புல தடவுனா ஆச்சா? மடிப்புக்குள்ள விடுல விரல."

விட்டேன். குமட்டியது. ஒரு துணி முழுக்கக் கறுப்பானதும் அடுத்த துணியைக் கிழித்துக் கொடுத்தாள்.

"யம்மா, அன்னைக்கு நான் கத்துனது..."

"கீழ ஒரு ஓட்ட இருக்கு பாரு. அத விட்டுட்டே."

ரப்பரின் அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருந்தன. ஒன்று அடைத்திருந்தது. ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தேன். பேச்சு அதோடு முடிந்தது.

சிட்ரிக் ஆசிட் ஓட்டம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் போனது. அது ஓடும்போது அம்மா கேட்டாள், "அப்போ மத்ததெல்லாம் என்னதுல?" குமிழைச் சுற்றி ஒவ்வொன்றாக வாசித்தேன். பருத்தி, கலப்புத்துணி, குழந்தைத் துணி. கம்பளி என்றதும் சிரித்துவிட்டாள். "மேடவாக்கத்துல எவன்ல கம்பளி போடுதான்?" பிறகு உள்ளே போய் ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்துவந்தாள். போர்வைக்கும் துண்டுக்கும் அறுபது டிகிரியில் சிவப்புப் பொட்டு. தினத்துணிக்குப் பச்சை. காலி டிரம்மைக் கழுவும் புரோகிராமுக்குப் பெரிய கறுப்பு. அது மாதம் ஒரு தடவை, அமாவாசையன்று என்று அவளே முடிவு செய்தாள். எனக்கும் அது ஞாபகம் வைக்க வசதிதான். பழைய பதினைந்து நிமிடத்துக்கு என்ன நிறம் என்று கேட்டேன். அதற்கு வேண்டாம், அது தனக்குத் தெரியும் என்றாள்.

மெஷினின் கதவு இப்போது எப்போதும் ஒரு சாண் திறந்தே கிடக்கிறது. நடக்கும்போது என் முழங்காலில் இடிக்கிறது.

மூன்றாவது வாரம் சிவப்புப் பொட்டு ஈரத்தில் உதிர்ந்து தரையில் கிடந்தது. ஆபீஸ் போகிற அவசரத்தில் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஒட்டிக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். திரும்பி வந்தபோது புதுப் பொட்டு ஒட்டியிருந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள். குனிந்து, சரியான இடத்தில்தான் ஒட்டியிருக்கிறாளா என்று வாசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. நான் சரிபார்த்ததை அவள் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.