வளர்ந்த நாய் ஒட்டாதா? தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு நல்ல துணை!

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் மாலை ஏழு மணிக்கு நடந்து பார்த்தால் இப்படிச் சில வீடுகள் கண்ணில் படும். முன்னால் படிப்புரை, பின்னால் நாலு தென்னை, நல்ல பெரிய வீடு. ஆனால், விளக்கு எரிவது ஒரே ஓர் அறையில்தான். பிள்ளைகள் துபாயிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். உள்ளே ஓர் ஆச்சியோ பாட்டாவோ மட்டும். வீடியோ கால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பிறகு டி.வி சத்தம்தான் துணை.

"ஒரு நாய் வளக்கலாம்லாம்மா?" என்று பிள்ளைகள் போனில் கேட்பதுண்டு. "என்னையே பாக்க ஆளில்ல. நாய யாரு மக்களே பாப்பா?" என்று பதில் வரும்.

அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. நாய் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குட்டிதான். குட்டி இரவெல்லாம் அழும். கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும். செருப்பு முதல் சோபா வரை கடிக்கும். ஓடிவந்து காலைச் சுற்றும். எழுபது வயதில் ஒருமுறை தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பே முறியலாம். 

ஆனால், காப்பகத்தில் இருக்கும் நாலைந்து வயது நாயின் கதை வேறு. அது எவ்வளவு பெரிதாக வளரும் என்று யோசிக்க வேண்டாம். சாதுவா, முரடா, குரைப்பது அதிகமா என்பதெல்லாம் முன்பே தெரிந்திருக்கும். பொறுப்பான காப்பகம் என்றால் தடுப்பூசியும் கருத்தடையும் முடித்தே கொடுப்பார்கள். இருந்தும், பார்க்க வருகிறவர்கள் குட்டியைத்தான் தூக்கிக்கொள்கிறார்கள். வளர்ந்த நாய் மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஒட்டுமா, ஒட்டாதா?

"வளர்ந்த நாய் புது ஆளிடம் ஒட்டாது" என்பது பலருடைய நம்பிக்கை. ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2001-ல் வெளியான அந்த ஆய்வில், காப்பகத்தில் இருந்த வளர்ந்த நாய்களுடன் ஒரு புதியவர் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் மட்டும் பழகினார். அவ்வளவுதான். அந்த நாய்கள் அவரைத் தங்கள் ஆளாகப் பார்க்கத் தொடங்கிவிட்டன. மனிதத் துணை இல்லாமல் கிடந்த நாய், கிடைத்த அன்பைச் சட்டென்று பற்றிக்கொள்கிறது.

2014-ல் ஈக்வடார் நாட்டில் நடந்த சாகசப் பந்தயத்தில், ஸ்வீடன் வீரர் மிக்கேல் லிண்ட்நார்ட் ஒரு தெருநாய்க்கு இறைச்சித் துண்டு கொடுத்தார். முதுகில் காயத்தோடு இருந்த அந்த வளர்ந்த நாய், காட்டையும் ஆற்றையும் தாண்டி அவரைப் பின்தொடர்ந்தே வந்துவிட்டது. ஆர்தர் என்று பெயர் வைத்து, ஸ்வீடனுக்கே அழைத்துப் போனார். 2020-ல் இறக்கும்வரை அவர் குடும்பத்தில்தான் ஆர்தர் இருந்தது. இந்தக் கதை 2024-ல் திரைப்படமாகவும் வந்தது.

"எனக்குப் பிறகு?"

பெரியவர்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி இது. நாட்டு நாய்கள் நல்ல பராமரிப்பில் 12 முதல் 14 வருடம் வரை வாழக்கூடும். 72 வயதில் குட்டி வாங்கினால் 85 வரை பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு வயது நாய் என்றால் அதில் பாதி. இருவருக்கும் மீதமுள்ள காலம் ஏறக்குறைய பொருந்திப்போகும்.

அப்படியும் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடக் கூடாது. ஆஸ்பத்திரியில் படுத்தால் யார் சோறு வைப்பது, கடைசியில் யார் வீட்டுக்குப் போகும் என்பதை மகனிடமோ பக்கத்து வீட்டாரிடமோ முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். ஒருமுறை கைவிடப்பட்ட நாய் அது. இரண்டாவது முறை அதற்கு அப்படி நடக்கக் கூடாது.

முதல் மூன்று மாதம்

முதல் மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கலாம், சாப்பிடாமலும் இருக்கலாம். கூப்பிட்டு இழுக்காதீர்கள். மூன்று வாரத்தில் வீட்டின் வழக்கம் பிடிபடும். மூன்று மாதத்தில் இது தன் வீடு என்று தெரிந்துவிடும். கோவில் கொடைக்கும் திருவிழாவுக்கும் வெடி போடும் ஊர் நம்முடையது. சத்தத்துக்குப் பயந்து ஓடிவிடாமல் அன்றைக்குக் கதவைச் சாத்தி வையுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் என்பதால், உடம்பை ஈரமாக விடாமல் துடைத்து, உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உள்ளி போட்ட மீன்குழம்பை அப்படியே சோற்றில் ஊற்றாதீர்கள். சின்னதோ பெரியதோ, வெங்காயம் நாய்க்கு ஆகாது. சாக்லேட், திராட்சை, வேகாத மரச்சீனிக் கிழங்கு, சமைத்த எலும்பு ஆகியவையும் வேண்டாம். முள் நீக்கி அவித்த மீனும் சோறும் கொடுக்கலாம்.

ரேபிஸ் தடுப்பூசியைக் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் போடுங்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ, அது வளர்ப்பு நாயாகவே இருந்தாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்கே கேட்பது?

பக்கத்திலுள்ள அரசு கால்நடை மருத்துவமனை, உள்ளாட்சி அலுவலகம், நாய்களை மீட்டுப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் ஆகியோரிடம் விசாரிக்கலாம். காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால், கருத்தடை முடிந்த நாய் என்று அர்த்தம். தெருநாய்கள் தொடர்பான வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்க வழிசெய்கிறது. அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுப்பவரின் பொறுப்பு என்றும் அது சொல்கிறது.

நாய் வந்தால் தனிமை முழுவதும் தீர்ந்துவிடாது. பிள்ளைகளின் இடத்தை அது நிரப்பவும் போவதில்லை. ஆனால், காலையில் எழுந்து கதவைத் திறக்க ஒரு காரணம் கிடைக்கும். வேளைக்கு அதற்குச் சோறு வைக்கும்போது, "எனக்கு மட்டும் எதுக்கு சமைக்கணும்" என்று பட்டினி கிடப்பவர்களும் இரண்டு வாய் சாப்பிடுவார்கள். தெருமுனை வரை நடந்தால், "இது எப்ப வந்து ஆச்சி?" என்று கேட்க நாலு பேர் நிற்பார்கள்.

முடிவெடுக்க அவசரப்பட வேண்டாம். அந்த ஆய்வில் செய்ததுபோலவே மூன்று நாள் போய், பத்துப் பத்து நிமிடம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மூன்றாவது நாள் உங்களைப் பார்த்ததும் அது எழுந்து வருகிறதா என்று தெரிந்துவிடும்.