விண்ணப்பத்தில் இல்லாத கட்டம்

2024ஆம் ஆண்டு மே மாதத்து ஞாயிறு ஒன்றில், காலைத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியபோது நமது திண்ணையில் ஒருவர் காத்திருந்தார். எழுந்து நின்ற விதத்திலேயே பட்டாளத்தில் இருந்தவர் என்று தெரிந்தது. 'சார், என்னைத் தெரிகிறதா?' என்றார். தெரியவில்லை. ஊரையும் தந்தையின் தொழிலையும் அவர் சொன்ன பிறகுதான், திண்டிவனத்தில் நம்மிடம் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் படித்தவர் என்று நினைவு வந்தது. வந்த நினைவு அவ்வளவு இனிமையானதாக இல்லை.

2004இல் தேர்வு முடிவு வெளியான வாரத்தில், மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு இதே திண்ணைக்கு வந்தவர் அவர். உயிரியலில் 200க்கு 131. தந்தை மணிலா மண்டியில் மூட்டை தூக்கியவர். மருத்துவத்தை ஒட்டி ஏதேனும் படிக்க வழியுண்டா என்று கேட்டார். 'உன் மார்க்குக்கும் உன் வீட்டு நிலைமைக்கும் அது சரிப்படாது. ஆள்சேர்ப்பு முகாம் வருகிறது, போய் வரிசையில் நில்' என்றோம். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆயினும் அந்தத் தாளைத் தவிர அந்தப் பையனிடம் வேறெதையும் நாம் பார்க்கவில்லை என்பதை இன்று மறைப்பதற்கில்லை.

அவர் போய் வரிசையில் நின்றார். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்துத் தேறியவர்களைத் தரைப்படை 'நர்சிங் அசிஸ்டெண்ட்' பணிக்கு எடுப்பதுண்டு. லக்னோவில் உள்ள இராணுவ மருத்துவப் படையின் பயிற்சி மையத்துக்கு அனுப்பினார்கள். 17 ஆண்டுகள் பணியாற்றி, 2022இல் ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பினார். வயது 36.

திரும்பியவருக்குக் கிடைத்த வேலை, ஒரு தனியார் மருத்துவமனையின் வாயிற்காவல். முன்னாள் படைவீரர் என்றதும் நமது நாட்டில் எல்லாருக்கும் உடனே தோன்றுவது காவல் வேலைதான். தமிழக அரசு 1986இல் தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனமும் பல்லாயிரவருக்கு அவ்வழியில்தான் சோறு போட்டிருக்கிறது. அதைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. ஆனால் இவருடைய கதை சற்று வேறு. ஒருநாள் வாயிலருகே முதியவர் ஒருவர் மயங்கி விழுந்தார். இவர் ஓடிச்சென்று நாடி பார்த்து, பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து மூச்சுக்கு வழி செய்துகொண்டிருந்தபோது, உள்ளிருந்து வந்த இளைஞர் ஒருவர், 'வாட்ச்மேன், தள்ளிப் போ' என்றாராம். நமக்குக் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை. 'அவர் சொன்னது நியாயந்தான் சார். என்னிடம் காகிதம் இல்லையே' என்றார்.

காகிதம் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. பிளாஸ்டிக் உறையிலிருந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். 'நர்சிங் அசிஸ்டெண்ட், கிளாஸ் 1' என்று அதில் எழுதியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் ஏறி இறங்கிய இடங்களில், இது நர்சிங் பட்டமும் அன்று, பட்டயமும் அன்று என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அவர் நம்மைத் தேடி வந்த காரணம் இதுதான்: 'பிசிஷியன் அசிஸ்டெண்ட்' என்ற பட்டப் படிப்பில் சேர விரும்பினார். மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுவது, உடலைப் பரிசோதிப்பது, அறுவை அரங்கில் கைத்துணையாக நிற்பது, அறுவைக்குப் பின் கண்காணிப்பது ஆகியவை அந்தத் துணையாளரின் வேலை. படிப்பு நான்கு ஆண்டுகள். அதில் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. சேர்வதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் மதிப்பெண் வேண்டும். 'அந்த 131 இப்போது மறுபடியும் தேவைப்படுகிறது சார்' என்று சிரித்தார். நம்மால் சிரிக்க இயலவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் சொன்ன அதே 'வேண்டாம்' நமது நாவின் நுனியில் மறுபடியும் வந்து நின்றது. 38 வயது, ஒன்பதாம் வகுப்பில் ஒரு மகள், நான்காண்டுக் கட்டணம் என்று மனம் கணக்குப் போட்டது. ஆனால் இம்முறை வாயைத் திறக்கவில்லை. 'அங்கே என்னதான் செய்தாய்? சொல், கேட்போம்' என்றோம்.

பட்டாளத்துக் கதையைப் பெருமைக்காகச் சொல்பவரல்லர் அவர். தூண்டித் தூண்டிக் கேட்டபின் சியாச்சின் இரவு ஒன்றைச் சொன்னார். 1984 ஏப்ரல் முதல் நமது படை நிலைகொண்டிருக்கும் அந்தப் பனியாற்றில் ஒவ்வொரு காவல் நிலையிலும் மருத்துவ அதிகாரி இருக்க முடியாது. பல நிலைகளில் நர்சிங் அசிஸ்டெண்ட் ஒருவரே வைத்தியர். ஓர் இரவில் இளஞ்சிப்பாய் ஒருவருக்கு மூச்சு இரைத்தது. உதடு நீலம் பாரித்தது. இருமலில் நுரை வந்தது. உயரத்தால் நுரையீரலில் நீர் கோக்கும் நோய். கீழே இறக்குவதுதான் முதல் மருந்து. ஆனால் பொழுது விடியாமல் ஹெலிகாப்டர் வராது. கம்பியில்லாக் கருவியில் கீழேயிருந்த மருத்துவரைக் கேட்டு நிஃபெடிபின் கொடுத்தார், பிராணவாயு கொடுத்தார். பிறகு அந்தப் பையனைக் காற்றுப் புகாத நீண்ட பை ஒன்றுக்குள் படுக்கவைத்து மூடினார். வெளியிலிருந்து காலால் பம்பை மிதிக்க மிதிக்க உள்ளே காற்றழுத்தம் ஏறி, நோயாளி பல ஆயிரம் அடி கீழே இறங்கியதற்கு ஒப்பாகும். மிதிப்பதை நிறுத்தினால் உள்ளிருப்பவருக்குப் புதுக்காற்று இல்லை. ஒரு கால் ஓய்ந்ததும் மறு கால். தோழர்கள் மாறி மாறி மிதித்தார்கள். ஆனால் சாளரத் துண்டின் வழியே அந்த முகத்தைப் பார்க்கும் பொறுப்பை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. விடிந்தபின் சீட்டா ஹெலிகாப்டர் வந்து எடுத்துச் சென்றது. பையன் பிழைத்தான்.

'இவ்வளவு செய்தவனுக்கு எதற்கப்பா இனி ஒரு படிப்பு?' என்று கேட்டுவிட்டோம். அவர் சொன்ன விடை நம்மை நிமிர்ந்து உட்காரவைத்தது. 'சார், நான் பார்த்த நோயாளிகள் பெரும்பாலும் இருபது முப்பது வயதுத் திடகாத்திரர்கள். சர்க்கரை நோயில் கால் அழுகிய கிழவரையும், மூச்சுத் திணறும் கைக்குழந்தையையும் நான் அதிகம் பார்த்ததில்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஏன் என்பது எனக்குத் தெரியாது. அந்த மாத்திரை நுரையீரலில் என்ன செய்கிறது என்று இன்றுவரை தெரியாது.'

மருத்துவருக்கும் செவிலியருக்கும் இடையே ஒரு படி நமது நாட்டில் ஏன் இல்லாமற்போயிற்று என்று அன்றிரவு யோசித்தோம். திண்டிவனத்தில் இருந்துகொண்டு இதை யோசிப்பவருக்கு இடா ஸ்கடர் நினைவுக்கு வராமலிருக்க முடியாது. 1890களில் இவ்வூரில்தான், அமெரிக்க மிஷன் மருத்துவரான தம் தந்தை ஜான் ஸ்கடரின் வீட்டில் அவர் இருந்தபோது, ஒரே இரவில் மூவர் வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவரும் உயர்சாதி இந்து. மூவர் மனைவியருக்கும் பேறுகாலத் துன்பம். ஆண் மருத்துவர் தொடக்கூடாது. இடாவோ மருத்துவம் படித்தவரல்லர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அதன் பின்னரே அவர் அமெரிக்கா சென்று, 1899இல் மருத்துவராகி, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். இந்த வரலாற்றை நமது பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்: அவர் எடுத்த எடுப்பில் மருத்துவர்களை உருவாக்கவில்லை. 1903இல் கம்பவுண்டர்களுக்குப் பயிற்சி. 1909இல் செவிலியர் பள்ளி. 1918இல்தான் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுவும் எம்.பி.பி.எஸ். அன்று, எல்.எம்.பி. என்னும் உரிமப் படிப்பு. நம் தாத்தாக்களின் காலத்தில் கிராமத்துக்கு வந்து மருந்து கொடுத்த 'டாக்டர்கள்' பலர் அந்த எல்.எம்.பி.க்களே. 1946இல் வந்த போர் குழுவின் அறிக்கை, சில உறுப்பினர்கள் மறுத்துரைத்தும், நாட்டுக்கு ஒரே தர மருத்துவர் போதும் என்று பரிந்துரைத்தது. நோக்கம் உயர்ந்ததே. ஏணியின் நடுப்படி மட்டும் போய்விட்டது.

அமெரிக்காவில் அந்த நடுப்படி படைவீரர்களை வைத்தே கட்டப்பட்டது. 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் யூஜின் ஸ்டெட் இப்படிப்பைத் தொடங்கியபோது சேர்ந்த மாணவர் நால்வர். நால்வரும் கடற்படையில் மருத்துவ உதவி செய்து திரும்பியவர்கள். 1967 அக்டோபரில் மூவர் தேறி வெளிவந்தனர். 1969இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் ரிச்சர்ட் ஸ்மித் தொடங்கிய வகுப்பிலும் சேர்ந்தவர்கள் முன்னாள் படை மருத்துவ உதவியாளர்களே. வியத்நாம் போரில் குண்டுக் காயம் கட்டிய கைகளை ஊருக்குள் வீணாக்கலாகாது என்று அவர்கள் நினைத்தார்கள். இந்தியாவுக்கு இப்படிப்பைக் கொண்டுவந்தவர் காலஞ்சென்ற இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியன், 1992இல், சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில். 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையிலும் இத்தொழில் இடம்பெற்றது. ஆனால் கடல் தாண்டி வந்தபோது படைவீரர் மட்டும் இதிலிருந்து உதிர்ந்துவிட்டார். இங்கே இது பள்ளி முடித்த பிள்ளைகளின் படிப்பு.

விண்ணப்பத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது விளங்கும். அமெரிக்காவின் பொது விண்ணப்பத்தில், நோயாளிகளோடு எத்தனை மணி நேரம் கழித்தீர் என்று கேட்கிறார்கள். இத்தொழிலை ஏன் நாடுகிறீர் என்று எழுதச் சொல்கிறார்கள். நமது மாணவர் விழுப்புரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து வாங்கிவந்த விண்ணப்பத்தில் பெயர், சாதி, மதிப்பெண், பெற்றோர் வருமானம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன. 17 ஆண்டுகளுக்குக் கட்டம் இல்லை. அதை வாங்கும்போதே எழுத்தர், 'மகளுக்கா?' என்று கேட்டிருக்கிறார். வேறொரு கல்லூரியில் தொலைபேசியிலேயே வயதைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள்.

கட்டம் இல்லாவிட்டால் என்ன, தனித்தாளில் எழுதி இணைப்போம் என்றோம். இரண்டு மாலைகள் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினோம். சியாச்சின் இரவை எழுத அவர் முதலில் சம்மதிக்கவில்லை. 'அது விண்ணப்பத்துக்கு விற்கிற சரக்கா சார்?' என்றார். அந்தக் கேள்வி சரியானதே. ஆகவே பிழைத்த பையனைப் பற்றி எழுதாமல், தமக்குத் தெரியாததைப் பற்றி எழுதினார். அந்த 'ஏன்' அதில் இருந்தது.

இடையில் தயக்கம் அவரையும் பிடித்தது. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் 'அங்கிள்' என்று அழைப்பார்களே என்றார். அப்போது புனித கமில்லஸ் தே லெல்லிஸின் வரலாற்றைச் சொன்னோம். அவரும் படைவீரரே; வெனிஸ் படையில் இருந்தவர்; சூதாடிக் கையிலிருந்ததை இழந்தவர். காலில் ஆறாத புண்ணோடு உரோமை மருத்துவமனைக்கு வந்து, அங்கேயே பணியாளரானார். குருவாக விரும்பி, 32 வயதில் சேசு சபையாரின் கல்லூரியில் சிறுவர்களோடு இலத்தீன் படிக்க உட்கார்ந்தபோது, காலம் கடந்து வந்தவர் என்று அச்சிறுவர்கள் கேலி செய்தார்களாம். 1584இல் குருவானார், நோயாளிகளின் காவலராக இன்று திருச்சபை அவரைப் போற்றுகிறது. கேட்டுவிட்டு நமது மாணவர், 'அவருக்குக் கட்டணம் உண்டா சார்?' என்று வினவினார். புனிதர் வரலாறுகளில் இந்தச் செய்தியை ஏனோ எழுதுவதில்லை.

கட்டணக் கேள்விக்கு முடிவு சொன்னவர் அவருடைய மனைவி. தையல் வேலை செய்பவர். அதுவரை இந்த யோசனையை எதிர்த்தவரும் அவரே. கணவரோடு நம் வீட்டுக்கு வந்திருந்த அன்று, 'பதினேழு வருஷம் தனியாக இருந்தேன் சார். இது நாலு வருஷம். ராத்திரியானால் வீட்டுக்கு வந்துவிடுவார்' என்றார். ஓய்வூதியம் வீட்டுக்கு, தையல் வருமானமும் ஓய்வின்போது வந்த தொகையில் மிஞ்சியதும் கட்டணத்துக்கு என்று கணக்கும் அவரே சொன்னார்.

விண்ணப்பத்தைக் கொடுக்க நாமும் உடன் சென்றோம். எழுத்தர் தாள்களைச் சரிபார்த்து, நாம் எழுதி இணைத்த பக்கத்தைக் குண்டூசியிலிருந்து கழற்றி, 'இது தேவையில்லை' என்று நீட்டினார். மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டார். நமது மாணவர் அந்தப் பக்கத்தை மடித்து டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குள் வைத்தார். பேருந்தில் திரும்பும்போது, முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் வாயிலில் ஏறி இறங்கும் கூட்டத்தை இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டு வந்தோம்.

இடம் கிடைத்தது. இப்போது ஞாயிறுதோறும் புத்தகத்தோடு வருகிறார். முதலில் கேட்டது அந்த மாத்திரையைப் பற்றித்தான். நமக்கும் தெரியவில்லை. அவருடைய பாடநூலை இருவருமாகத் தேடிப் படித்தோம். பிராணவாயு குறையும்போது நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. எல்லாம் ஒரே அளவில் சுருங்குவதில்லை. சுருங்காத இடங்களில் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது. மாத்திரை குழாய்களைத் தளர்த்துகிறது. வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் உள்தேர்வில் உடற்கூறியலில் 50க்கு 31. தாளைக் கொண்டுவந்து, பழைய நாளைப் போலவே திண்ணையில் நின்றபடி நீட்டினார். உட்காரச் சொன்னோம். எந்தக் கேள்வி விட்டுப்போயிற்று என்று கேட்டோம்.