சம்பளம் கேட்கிறோம், காற்றைப் பற்றிக் கேட்கிறோமா?

 

கொள்ளுப்பிட்டியில் என்னிடம் ஓதிய பிள்ளைகளில் பலர் இன்று தொழிலில் இருக்கிறார்கள். ஒருவர் வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கிறார். இன்னொருவர் மாணிக்கக்கல் பட்டை தீட்டுகிறார். "ஹஸ்ரத், சம்பளம் நல்லம், துஆச் செய்ங்க" என்று உம்மாமார் சொல்வார்கள். அங்கே என்ன புகை, என்ன தூசு என்று விசாரித்து வந்த உம்மா ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

2018 ஏப்ரலில் ஹொரணையில் நடந்தது நினைவிருக்கிறதா? றப்பர் தொழிற்சாலையொன்றில் ஒரு தொழிலாளி அமோனியாத் தொட்டிக்குள் விழுந்தார். காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து ஐந்து பேர் மௌத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உதவ ஓடியது நல்ல மனம்தான். ஆனால் நச்சுவாயு நிறைந்த குழிக்குள் மூச்சுக் கருவியின்றி இறங்குகிறவர் அடுத்த ஜனாஸாவாகி விடுகிறார். இதைக் கற்றுக்கொடுப்பதுதான் பயிற்சி.

நமது நாட்டில் இதற்கென ஒரு தேசிய நிறுவகம் 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்டது. இத்துறையின் பயிற்சியில் ஒரு வரிசை உண்டு. ஆபத்தான பொருளை முடிந்தால் நீக்கு; இல்லையேல் தீங்கு குறைந்ததை மாற்று; புகையை வெளியேற்ற வழி செய்; வேலை நேரத்தையும் முறையையும் ஒழுங்குபடுத்து; முகக்கவசம் கடைசி. நாமோ கடைசியில் இருப்பதை முதலாவதாக எண்ணி, ஒரு துணியைக் கட்டிவிட்டால் போதும் என்கிறோம். துணி பெயின்ற் ஆவியைத் தடுக்காது. கல் தூசும் வருடக்கணக்கில் நெஞ்சில் படிந்த பிறகே இருமலாக வெளிவரும். தண்ணீர் விட்டு அறுத்தால் அந்தத் தூசில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

உலகில் வருடத்திற்கு ஏறக்குறைய 30 இலட்சம் பேர் தொழிலின் காரணமாக இறப்பதாகச் சர்வதேச தொழில் அமைப்பு 2023இல் கணக்கிட்டது. அதில் விபத்தைவிட நோயே மிகப் பெரிய பங்கு.

வீடும் ஒரு வேலைத்தலமே, சகோதரிகளே. மலசலகூடம் கழுவும் அசிட்டையும் பிளீச்சையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். வேலைத்தூசு படிந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு ஊறவைக்காதீர்கள்.

மகன் வேலைக்குப் போகுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்ன பொருளோடு வேலை? காற்று போக வழியுண்டா? பயிற்சி தந்தார்களா? பதில் இல்லாத இடமென்றால் சம்பளம் கூடினாலும் யோசியுங்கள். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதை விற்றுப் பிழைக்க நமக்கு அனுமதியில்லை.