தம்பியின் எண்

பத்து வயதில் என் தம்பிக்குப் பள்ளியில் அறிவுச் சோதனை வைத்தார்கள். நுண்ணறிவு ஈவு 78 என்றார்கள். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். அண்ணனாகிய நானும் வாய் திறக்கவில்லை.

இங்கே உளநூல் வகுப்புக்காகப் பினேயைப் பற்றிப் படித்தேன். 1905-இல் பாரிசில் சீமோனுடன் சேர்ந்து 30 சோதனைகளை அவர் வகுத்தது, பின்தங்கிய குழந்தைகளைக் கண்டறிந்து தனிப்பயிற்சி அளிப்பதற்காகவே. அறிவு வளராது என்போரை 1909-இல் வன்மையாகக் கண்டித்தும் எழுதினார். அந்த ஈவுக் கணக்கோ அவருடையதே அன்று! அவர் மறைந்த மறு ஆண்டு, 1912-இல், மனவயதை உண்மை வயதால் வகுக்கச் சொன்னவர் ஜெர்மானியரான ஸ்டெர்ன். 1916-இல் அதை 100-ஆல் பெருக்கிப் பரப்பியவர் அமெரிக்கரான டெர்மன்.

நேற்றிரவு விடுதியில் தம்பிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள தம்பிக்கு" என்பதற்குமேல் பேனா ஓடவில்லை.