ஒரே இயந்திரம், இரு வேறு வேகம்

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குச் சில நிமிடப் பேருந்துப் பயணம்தான். எல்லையைக் கடந்ததும் பெட்ரோல் விலை மாறிவிடும். எண்ணெய் மாறுவதில்லை, மாநில வரி மாறுகிறது. சிறுவயது முதல் அறிந்திருந்த இவ்வுண்மையை என் ஆய்வில் மறந்துபோனேன்.

மெயின்ஃபிரேம் கணினியில் லினக்ஸ் வழங்கல்களின் செயல்திறன் எவ்வாறு வேறுபடுகிறது என்பதே என் ஆய்வுப் பொருள். ஐபிஎம் இசட்15 இயந்திரமொன்றில் இரண்டு மெய்நிகர் கணினிகளைத் தொலைவிலிருந்து பயன்படுத்த அனுமதி கிடைத்தது. செயலியும் நினைவகமும் இரண்டிற்கும் சமம். வழங்கல்கள் மட்டும் வேறு. கோப்புகளைச் சுருக்கும் சோதனையில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு மெதுவாக ஓடியது. எத்தனை இரவுகள் ஓட்டியும் அதே விளைவு. அவ்வழங்கல் மெயின்ஃபிரேமுக்கு ஏற்றதன்று எனச் சுருக்கம் எழுதிக் கருத்தரங்கிற்கு அனுப்பிவிட்டேன்.

நெறியாளர் ஒரே கேள்வி கேட்டார்: "ஏன் மெதுவாகிறது?" என்னிடம் விடையில்லை.

தேடத் தொடங்கினேன். பகிர்ந்த செயலியில் பிறருக்குச் சென்றுவிடும் நேரத்தை லினக்ஸ் 'ஸ்டீல்' எனக் கணக்கிடும். அது இரண்டிலும் சொற்பமே. அடுத்து, தொகுக்கப்பட்ட விதம். ரெட் ஹேட் 8 குறைந்தது இசட்13 செயலியையும், 9 இசட்14 செயலியையும் எதிர்பார்ப்பவை. பழைய தலைமுறைக்கெனத் தொகுத்தால் புதிய கட்டளைகள் பயன்படாமல் போகும். என் நிரலை ஒரே அமைப்பில் மீண்டும் தொகுத்தேன். இடைவெளி குறையவில்லை.

காரணம் இசட்லிப் நூலகத்தில் இருந்தது. இசட்15 சில்லிலேயே டிஃபிளேட் சுருக்கத்திற்கான முடுக்கி உண்டு. அதைப் பயன்படுத்தும் நிரலிணைப்பு, வேறு விதமாக அமைக்காவிடில், முதல் நிலைச் சுருக்கத்தை மட்டுமே முடுக்கிக்கு அனுப்பும். இசட்லிப்பின் இயல்பு நிலையோ 6. ஒரு வழங்கலார் வரம்பை 6 வரை விரித்திருந்தனர். மற்றவர் அப்படியே விட்டிருந்தனர். முடுக்கியில் சுருக்கினால் கோப்பின் அளவு சற்றுக் கூடலாம் என்பதால் அவர்கள் தெரிவும் நியாயமானதே. சூழல் மாறி ஒன்றை அமைத்ததும் இரண்டும் ஏறத்தாழச் சமமாயின.

கருத்தரங்கிலிருந்து சுருக்கத்தைத் திரும்பப் பெற்றேன். ஆறு மாத உழைப்பு அதனுடன் போயிற்று.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்திற்குச் சென்றன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இருபுறமும் அதே செம்மண், அதே மரச்சீனி. ஆயினும் "அந்தப் பக்கத்தார் அப்படித்தான்" என்ற பேச்சை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவன் நான். ஒரு வழங்கலைப் பற்றி அதே தொனியில் நானும் எழுதியிருந்தேன்.

இளம் ஆய்வாளர்களுக்கு ஒன்று சொல்வேன்: "எது வேகமானது" என்ற அட்டவணையை வெளியிடுமுன், யாருடைய எந்தத் தெரிவு அவ்வேகத்தைத் தந்தது எனக் கண்டு எழுதுங்கள். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் இப்போது அதைப் பற்றியதே.