உக்குவளையிலிருந்து கிழக்குக் கரைக்கு

எங்கள் ஊர்ப் பெண்களில் கடலைக் காணாதவர்கள் இன்றும் இருக்கின்றார்கள். கண்டிக்கும் மாத்தளைக்கும் போய் வருவதே பயணம் என்றிருந்த மூதாட்டிகள் மட்டுமல்ல, இளம் தாய்மாரும் இவர்களுள் அடங்குவர். இத்தனைக்கும் எமது ஊருக்கும் கிழக்குக் கடலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1976ஆம் ஆண்டு முதல் பொல்கொல்லையிலிருந்து சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தினூடாக வரும் மகாவலி நீர், உக்குவளை மின் நிலையத்தை இயக்கிவிட்டு சுதுகங்கையில் கலக்கின்றது. பின்பு அம்பன் கங்கையில் சேர்ந்து, வயல்களுக்குப் பிரிந்தது போக மீதி மறுபடியும் மகாவலியுடன் இணைந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலை அடைகின்றது. தண்ணீர் போகும் இடத்துக்கு நாமும் ஒருமுறை போய் வந்தால் என்ன?

1880இல் வந்த ரயில் பாதை மாத்தளையுடன் முடிந்துவிடுவதால் வேனோ பஸ்ஸோதான் வழி. நாலந்தை, தம்புள்ளை தாண்டினால் ஹபரணைச் சந்தி. நேரே போனால் திருகோணமலை. வலப்புறம் திரும்பினால் பொலன்னறுவை வழியாக மட்டக்களப்பு. திருகோணமலைக்கு ஏறத்தாழ 160 கிலோமீற்றர்.

காலம் பார்த்துப் போவது முக்கியம். மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். ஆகஸ்ட் பாடசாலை விடுமுறை மிகவும் பொருத்தமானது. டிசம்பர் விடுமுறையில் போனால் அங்கே மழையும் கொந்தளிப்புமே மிஞ்சும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயணம் என்றால் முதல்நாள் இரவு முழுக்கச் சமைப்பவர்களும், கரையில் இருந்து பைகளைக் காவல் காப்பவர்களும் நாமாகவே இருக்கின்றோம். ஒருநேரச் சாப்பாட்டைக் கடையில் வாங்கினால் என்ன குறைந்துவிடும்? பைகளை ஆண்கள் சற்று நேரம் பார்க்கட்டும். மாற்றுடையும் பெரிய துவாயும் மறக்க வேண்டாம். உடை மாற்ற ஒதுக்கிடம் எல்லாக் கரையிலும் கிடைக்காது.

திருகோணமலையில் முதலில் கோணேசர் மலைக்குப் போகலாம். பழைய கோயிலை போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். அந்தக் கோட்டைக்குள்ளே மான்கள் பயமின்றித் திரிகின்றன. பிள்ளைகளுக்குக் கோயிலை விட அவைதான் பிடிக்கும். நகருக்கு வெளியே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சூடு வேறு. வடக்கே நிலாவெளியில் மணல் வெண்மையானது. அங்கிருந்து புறாத்தீவுக்குப் படகில் செல்லலாம். பவளப் பாறைகளை மிதிக்கக் கூடாது, மிதித்தால் அழிந்துவிடும்.

சிறு பிள்ளைகளுள்ள குடும்பத்துக்கு நான் சிபாரிசு செய்வது பாசிக்குடாவை. வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு நீர்தான். நீந்தத் தெரியாத தாய்மாரும் துணிந்து இறங்கலாம். இதை நம்பி மற்றக் கரைகளிலும் இறங்கிவிடக் கூடாது. 2009இல் யுத்தம் முடிந்த பின்பு இங்கே பெரிய ஹோட்டல்கள் எழுந்துள்ளன. அவற்றின் கட்டணம் எம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. கரைக்குப் போய் வர ஹோட்டல் தேவையுமில்லை.

இந்தக் கரை முழுவதும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி புகுந்த கரை. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இன்றும் இங்கே வாழ்கின்றார்கள். அவர்களுக்கு அது வேடிக்கை பார்க்கும் கடலன்று; பறித்ததும் அதுவே, சோறு போடுவதும் அதுவே. மீனோ கருவாடோ வாங்கும்போது இரண்டு ரூபாவுக்காக அடித்துப் பேரம் பேசாமல், நின்று நாலு வார்த்தை கதைத்துவிட்டு வாருங்கள்.

நேரமிருந்தால் மட்டக்களப்பு வாவியையும் கல்லடிப் பாலத்தையும் பார்க்கலாம். பௌர்ணமி இரவுகளில் பாடும் மீன்களின் ஓசையைக் கேட்கலாம் என்பார்கள். அதற்கு இரவு தங்க வேண்டும். அன்றே திரும்புவதாயின் பிற்பகலிலேயே புறப்பட்டுவிடுங்கள். இருட்டிய பின் மின்னேரியா, ஹபரணைப் பக்கம் யானைகள் வீதிக்கு வரும்.